வங்கி என்ஜினியர் பார்த்தாச்சு, நாமும் ஒருவரை வைத்துப் பார்க்க வேண்டுமா?

கேள்வி: வேளச்சேரியில் 18 வருடப் பழைய கட்டடத்தில், முதல் மாடியில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் ஒன்றை 62 லட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். வக்கீல் பத்திரங்களைப் பார்த்துவிட்டார். வீட்டுக் கடனுக்காக வங்கி அனுப்பிய என்ஜினியரும் வந்து சரி என்று சொல்லிவிட்டார். தனியாக ஒரு சிவில் என்ஜினியரிடம் கேட்டால், பார்த்து ரிப்போர்ட் தர 12,000 ரூபாய் என்கிறார். வீண் செலவு என்பது என் மாமனாரின் கருத்து. என்ன செய்யட்டும்? – வாசகி, சென்னை.

பதில்: தயங்காமல் கொடுங்கள் சகோதரி.

வங்கி என்ஜினியர் வந்தது வங்கிக்காக. நீங்கள் தவணை கட்டாமல் விட்டால், இந்த ஃபிளாட்டை விற்றுக் கடனை எடுக்க முடியுமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. அளவு, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், கட்டடத்தின் வயது, அந்தத் தெருவின் விலை நிலவரம் எல்லாம் பார்த்திருப்பார். பாத்ரூம் கூரையில் ஈரம் இருக்கிறதா என்பது அவர் கவலை இல்லை. அது உங்கள் கவலை.

இப்போது உங்கள் கையிருப்பைப் பார்ப்போம். இந்த அளவுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு, அதாவது 49.6 லட்சம். மீதி 12.4 லட்சம் உங்களுடையது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 62 லட்சத்துக்குப் பத்திரம் என்றால் அது 5.58 லட்சம். ஆக ஏறக்குறைய 18 லட்சம் சேமிப்பிலிருந்து போகிறது. புரோக்கர் கமிஷன், வீடு மாறும் செலவு தனி. குடியேறிய மறுமாதம் ஒன்றரை லட்சத்துக்கு ரிப்பேர் வந்தால் பணம் எங்கிருந்து வரும்? பர்சனல் லோன், இல்லையென்றால் நகைக் கடன். என்னிடம் கணக்கோடு வந்த ஒரு குடும்பத்துக்கு இதுதான் நடந்தது. பாத்ரூமைப் பெயர்த்து மறுபடி போட, அந்த அம்மா வளையலை அடகு வைத்தார். புது பெயின்ட் அடித்த சுவருக்குப் பின்னால் இருந்த கசிவை வாங்கும்போது யாருமே பார்க்கவில்லை.

சட்டமும் இதில் உங்களுக்குப் பெரிய துணை இல்லை. கட்டுமானக் குறைகளுக்கு பில்டரைப் பொறுப்பாக்கும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குத்தான். 18 வருடக் கட்டடத்துக்கு அது இல்லை. 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டப்படி, தனக்குத் தெரிந்த பெரிய குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். ஆனால், சாதாரண கவனத்தோடு பார்த்தாலே தெரிந்திருக்கும் குறைக்கு அது பொருந்தாது. பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பாகிவிடுகிறது.

என்ஜினியரோடு நீங்களும் போங்கள், முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள். பார்க்கிங்கில் தூண்களின் அடிப்பகுதியையும் பீம்களையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி துருப்பிடித்தால் ஊதிப் பெருக்கும். அப்போது கம்பி ஓடும் திசையிலேயே விரிசல் வரும், அப்புறம் பூச்சு பெயர்ந்து விழும். பூச்சில் விழும் மயிரிழை விரிசலையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னதற்குப் பட்டியும் பெயின்ட்டும் போதும், பின்னது லட்சங்களில் போகும். சந்தேகம் இருந்தால் கான்கிரீட்டை உடைக்காமலே சுத்தியல் போன்ற ஒரு கருவியால் அதன் பலத்தை ஓரளவு கணிக்கலாம்.

அடுத்தது பாத்ரூம். உங்கள் பாத்ரூம் கூரை மட்டும் போதாது, கீழ் வீட்டாரிடம் கேட்டு அவர்கள் கூரையையும் பாருங்கள். அங்கே உப்பு பூத்திருந்தால் ஒழுகுவது நீங்கள் வாங்கப்போகும் வீடு. மின்சாரத்தில் எர்த்திங் சரியாக இருக்கிறதா, இரண்டு ஏ.சி.யை வயரிங் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி என்பதால் ஒன்று கூடுதல். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் புயல் மழையிலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று வாட்ச்மேனிடமும் எதிர்க் கடைக்காரரிடமும் கேளுங்கள். முதல் மாடி நனையாமல் இருந்திருக்கலாம். சம்ப்பும் மோட்டாரும் லிஃப்ட்டும் கீழேதானே இருக்கின்றன, அந்தச் செலவில் உங்களுக்கும் பங்கு வரும். மொட்டை மாடி ஒழுகல், பெயின்டிங் என்று ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று அசோசியேஷன் கணக்கையும் கேட்டுவிடுங்கள்.

முன்பணம் கொடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. கொடுக்காவிட்டால் ரிப்போர்ட் வரும்வரை கொடுக்காதீர்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் சிறு தொகையோடு நிறுத்தி, ஆய்வில் பெரிய குறை தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு ரிப்பேருக்கும் உத்தேசச் செலவைப் போடச் சொல்லுங்கள். இரண்டு லட்சம் என்று வந்தால் அதைக் காட்டி விலையைக் குறைக்கக் கேட்கலாம். தூண், பீம்களிலேயே துரு என்று எழுதி வந்தால் விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். அந்தக் கட்டடத்தை நீங்கள் ஒருவராகச் சரிசெய்ய முடியாது, மற்ற வீட்டுக்காரர்களும் சேர்ந்து பணம் போட வேண்டும்.