இரண்டு சான் ஹுவான்: புதைந்த தேவாலயம் எதில்?

மெக்சிகோவின் மிச்சோவகானில் எரிமலைக் குழம்பில் புதைந்த தேவாலயத்தைப் பார்க்க வேண்டும், ஆனால் வரைபடத்தில் சான் ஹுவான் பரங்காரிகுதிரோ இரண்டு காட்டுகிறதே, எங்கே தங்குவது என்று கேட்டிருந்தீர்கள். தேவாலயம் பழைய ஊரில். அங்கே இப்போது யாரும் குடியில்லை, அறை தேடாதீர்கள்.

1943 பிப்ரவரி 20 அன்று தியோனிசியோ புலிதோ என்ற விவசாயியின் மக்காச்சோளக் கொல்லையில் நிலம் பிளந்து கிளம்பியதுதான் பாரிகுதின் எரிமலை. 1952 வரை அடங்கவில்லை. குழம்பு மெதுவாக ஊர்ந்து வந்ததால் மக்களுக்கு வெளியேற நேரம் கிடைத்தது. 1944 மே மாதம் தங்கள் கிறிஸ்து சிலையைச் சுமந்துகொண்டு ஊரே ஊர்வலமாக நடந்துபோய், ஊருவாப்பான் நகரத்துக்கு மேற்கே புதிய சான் ஹுவானை அமைத்தது. நகராட்சியின் பெயரிலேயே ‘நுவேவோ’, அதாவது ‘புதிய’, சேர்ந்துவிட்டது. அந்தச் சிலை இன்றும் புது ஊர்க் கோயிலில்தான் இருக்கிறது. பக்தர்கள் அதன் முன் ஆடிக்கொண்டே வேண்டிக்கொள்வார்கள். எனக்கு இடிபாட்டைவிட இதுதான் பிடிக்கும்.

சரி, உங்கள் வழி: ஊருவாப்பானில் தங்கி, காலையிலேயே ஆங்காவானுக்குப் போங்கள். அது புரேபெச்சா என்ற பழங்குடி மொழி பேசும் கிராமம். அங்கிருந்து நடந்தோ குதிரையிலோ இடிபாடுகளுக்குப் போகலாம். கோபுரமும் பலிபீடமும் கரும்பாறைக் குவியலுக்கு நடுவே நிற்கும். பாறை கத்தி மாதிரி கீறும், செருப்பு போதாது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள். எரிமலை உச்சிக்கும் ஏற நினைத்தால் முழு நாள் ஒதுக்குங்கள்.