மூக்குச் சளிய ஏன் பஞ்சு வச்சு எடுத்தாங்க?

கேள்வி: டாக்டர், எனக்கு நாலு வருஷமா சைனஸ் தொந்தரவு, மூக்குக்குள்ள சதையும் வளர்ந்திருக்கு. ஆராய்ச்சிக்குன்னு மூக்குல பஞ்சு மாதிரி ஒண்ண வச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு எடுத்தாங்க. நானே சீந்திக் குடுத்திருப்பேனே, ரத்தமும் எடுத்தாச்சு, இது எதுக்கு?

பதில்: ரத்தத்துல ஈசினோபில்ங்கற வெள்ளை அணு கூடியிருந்தா அது மூக்காலதான்னு சொல்ல முடியாதுங்க, ஆஸ்துமா, தோல் அலர்ஜி, குடல்புழு எதுவா வேணா இருக்கலாம், மூக்குக்குள்ள என்ன நடக்குதுன்னு மூக்குலேர்ந்து வர்ற நீரைக் கேட்டாதான் தெரியும். சீந்திக் குடுத்தா அது எந்த இடத்துலேர்ந்து வந்துச்சு, எவ்வளவு வந்துச்சுன்னு கணக்கே இருக்காது, ஒருநாள் கெட்டியா இருக்கும், ஒருநாள் தண்ணியா இருக்கும். உங்களுக்கு வச்ச அந்தப் பஞ்ச, பெரும்பாலான சைனஸோட வாசல் திறக்குற நடுப்பள்ளத்துல வைக்கலாம், வைக்கறதுக்கு முன்னாடியும் எடுத்த பின்னாடியும் எடை பாத்தா எவ்வளவு நீர் ஊறுச்சுன்னு தெரிஞ்சிடும். உப்புத்தண்ணி விட்டுக் கழுவி எடுக்கறதும் உண்டு, அது சுலபம்தான், ஆனா ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நீர்த்துப்போச்சுன்னு தெரியாம அளவு குழம்பும்.

அப்புறம் அத சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தித் தெளிய வச்சு, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்ல வச்சு, எலைசா டெஸ்ட்ல இன்டர்லூக்கின் 4, 5, 13 மாதிரி, செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்ற புரதங்கள அளப்பாங்க. இதுல 5 ஈசினோபில்ல வரவழைக்கும், 13 சளிய அதிகமாக்கும். இதெல்லாம் கூடியிருந்தா டைப் 2 வீக்கம்னு சொல்றோம், சதை வளர்ந்த பல பேருக்கு இதுதான். சிலருக்கு ஆனா நியூட்ரோபில்ங்கற வேற வகை வெள்ளை அணுதான் நிறைய இருக்கும், ஸ்கேன்ல ரெண்டும் ஒரே மாதிரி அடைப்பாத்தான் தெரியும், எனக்கு இந்த விஷயம் ரொம்ப முக்கியமா படுறது அதனாலதான், ஒரே பேர்ல ரெண்டு நோய்க்கு ஒரே மருந்தக் குடுத்துக்கிட்டு இருக்கோம்! 2019ல அமெரிக்காவுல மூக்குச் சதைக்கு அனுமதி வாங்குன டுப்பிலுமாப் ஊசி இன்டர்லூக்கின் 4, 13 ரெண்டோட வேலையையும் தடுக்கும், யாருக்கு அது கேக்கும்னு முன்னாடியே தெரிஞ்சா எவ்வளவு நல்லது. சதைய வெட்டி எடுத்துப் பாக்கறத விட இப்படிப் பஞ்சு வச்சு எடுக்கறது வலி கம்மி, திரும்பத் திரும்பவும் எடுக்கலாம்.

ஆனா இந்த ஒரு டெஸ்ட்ட மட்டும் வச்சு உங்க சிகிச்சைய முடிவு பண்ண மாட்டாங்க, எல்லா லேபுக்கும் பொதுவான அளவுகோல் இன்னும் வரல. ஸ்டீராய்டு ஸ்பிரே அடிக்கிறீங்கன்னா அந்தப் புரத அளவு குறையும், அதுக்காக நீங்களா ஸ்பிரேய நிறுத்திடாதீங்க, கடைசியா எப்ப அடிச்சீங்கன்னு அடுத்த தடவை எடுக்கும்போது மறக்காம சொல்லுங்க.