மொட்டில் அமர்ந்த மூன்றாம் வகுப்பு: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வேடசந்தூர் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். நூற்பாலையில் வேலை பார்க்கிறேன். என் மகன் எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளியில் மொத்தம் 41 பிள்ளைகள். தலைமையாசிரியரையும் சேர்த்து ஆசிரியர்கள் இரண்டே பேர். சென்ற மாதம் ஒரு நாள் அவனை அழைத்துவரப் போனபோது முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில் பாயில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் ஒரு வட்டத்தில் ஐந்து பிள்ளைகளோடு இருந்தார். மற்றவர்கள் பேசிக்கொண்டும் எழுந்து நடந்துகொண்டும் இருந்தார்கள். என் மகனோ இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு ‘மொட்டு’க் குழுவில் இருந்தான். அவன் நோட்டில் வாரத்துக்கு இரண்டு பக்கம்கூட நிறைவதில்லை. வேனில் ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் எதிர்வீட்டுப் பையனின் நோட்டு நிறைந்து வழிகிறது. என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். கூட்டம் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதுதான். ஊரார் சேர்ந்து பள்ளிக்குப் பொருள் கொடுக்கும் கல்விச் சீர் கொண்டுபோனபோது பீரோ வாங்க நானும் 500 ரூபாய் கொடுத்தேன். இதையெல்லாம் கேட்க எனக்கு உரிமை உண்டா? ஜூனில் பள்ளியை மாற்றிவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று எழுதியவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

நோட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பிள்ளைகளின் நோட்டை நிறைத்தே நல்ல பெயர் வாங்கிய ஆசிரியன் நான். பணிக்கு வந்த முதல் சில ஆண்டுகள் கரும்பலகையில் பத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், நான் சிவப்பு மையில் சரி போடுவேன், பெற்றோர் மகிழ்வார்கள். ஒரு நாள் சாக்கட்டி தீர்ந்துபோய், நான் வாயால் சொல்லிய 32-இலிருந்து 17-ஐக் கழிக்கும் கணக்குக்கு, நோட்டு முழுவதும் சரி வாங்கியிருந்த ஒரு பையன் 25 என்று எழுதிவந்தான். எப்படி என்று கேட்டேன். “ஏழுல ரெண்டு போனா அஞ்சு, மூணுல ஒண்ணு போனா ரெண்டு” என்றான். சிறியதைப் பெரியதிலிருந்துதான் கழிக்க வேண்டும் என்பது அவன் தானாகவே வகுத்துக்கொண்ட விதி. அந்த விதியோடுதான் அவன் இரண்டு ஆண்டுகள் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தான் என்பதும், பலகையைப் பார்த்து எழுதியதால் அது ஒரு நாளும் வெளிப்படவில்லை என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதைச் சரிசெய்தவனும் நான் அல்ல. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய ஈர்க்குச்சிகளில் மூன்று கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் அவன் முன் வைத்து, “இதுல ஏழு குச்சி எனக்குக் குடு” என்றாள். அவன் இரண்டைக் கொடுத்துவிட்டு விழித்தான். அவள் எதுவும் சொல்லாமல் காத்திருந்தாள். சற்று நேரம் கழித்து அவனாகவே ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றினான். ‘கடன் வாங்குதல்’ என்று நான் நூறு தடவை சொன்ன சொல்லை அந்தப் பெண் ஒரு தடவைகூட உச்சரிக்கவில்லை.

உங்கள் மகன் ‘மொட்டு’க் குழுவில் அமர்ந்திருப்பதைப் பார்க்கும்போது தாய்க்கு வலிக்கும்தான். ஆனால் அவனை வகுப்பிறக்கிவிட்டார்கள் என்று அதற்குப் பொருளில்லை. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை எந்த வகுப்பு என்று பாராமல், எதுவரை படிக்கத் தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் அவன் மூன்றாம் வகுப்புத்தான். இப்போதைக்கு அவனுக்குத் தேவையான பாடம் இரண்டாம் வகுப்பு நிலையில் இருக்கிறது, அவ்வளவே. நீங்கள் கேட்க வேண்டியது, ‘ஏன் மொட்டில் வைத்தீர்கள்’ என்பதை அல்ல. ‘மலருக்குப் போக அவனுக்கு இன்னும் எது வரவில்லை’ என்பதைத்தான். இதற்கு உடனே விடை சொல்லும் ஆசிரியர் உங்கள் பிள்ளையைக் கவனித்திருக்கிறார் என்று நம்பலாம். பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினால் நீங்கள் கவலைப்படலாம்.

பாயில் வட்டமாக உட்காருவதும் புதிதல்ல. ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளிகளில், ஓர் ஆசிரியரே பல வயதுப் பிள்ளைகளுக்கும் கற்பிப்பதற்காக உருவாக்கிய அட்டை முறையைப் பார்த்துத்தான், 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். 2007-08-இல் அது மாநிலம் முழுவதற்கும் பரவியது. பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் கற்றல் ஏணியில் பிள்ளைகள் தங்கள் படியைத் தாங்களே பார்த்து அட்டையை எடுத்துக்கொள்வார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை இருக்கும். தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்தவை தொங்கும். நான் அதை விரும்பிச் செய்தவன். ஆயினும் அதன் குறையை மறைக்க மாட்டேன். சில ஆண்டுகளில் அட்டைகள் கிழிந்தன, தாம்பாளத்தில் சில அட்டைகள் காணாமலே போயின, ஒரே படியில் மூன்று மாதம் நின்றுவிட்ட பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் போனது. ‘தானே கற்கும்’ என்ற சொல் பல இடங்களில் ஆசிரியருக்கு ஓய்வு என்று திரிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தருவது நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை வழியாக நடந்துவந்த பழக்கம். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைச் சென்னையில் பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், எழும்பூரில் தம் பொறுப்பில் இருந்த ஆதரவற்ற சிறுவர் பள்ளியில் மணலெழுத்தையும், பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையும் செய்துபார்த்து, 1797-இல் லண்டனில் அச்சிட்டு வெளியிட்டார். அது அங்கே ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பும் இருந்தது என்பதால் அந்தக் காலத்தை நான் கொண்டாடவில்லை. பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசுவதைப் படிப்புக்கு எதிரானது என்று நாம் நினைக்கத் தொடங்கியது பிற்பாடுதான் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

உங்கள் கவலையில் நியாயமான பகுதி வேறிடத்தில் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்பதையே எப்படியோ சமாளித்துவிடலாம். ஆனால் தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போனாலும், பயிற்சிக்குப் போனாலும், எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் விவரம் ஏற்ற உட்கார்ந்தாலும் அது ஓராசிரியர் பள்ளி ஆகிவிடுகிறது. அந்த நாள்களில்தான் வட்டங்கள் வெறும் சத்தமாக மாறுகின்றன. நீங்கள் போய்ப் பார்த்தது எப்படிப்பட்ட நாள் என்பது எனக்குத் தெரியாது. வேறு இரண்டு நாள்களில் போய்ப் பாருங்கள்.

கேட்க உரிமை உண்டா என்றீர்கள். 500 ரூபாய் கொடுத்ததால் வந்த உரிமை அல்ல அது. நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த 1950-களின் இறுதியில், பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்ற பெயரில் ஊர்மக்கள் மணியும் பலகையும் இருக்கையும் நிலமும் கொடுத்துப் பள்ளிகளை வளர்த்தார்கள். இன்று மேளதாளத்தோடு தட்டேந்திப் போகும் கல்விச் சீரும் அந்த மனத்தின் தொடர்ச்சிதான். நல்ல பழக்கம். ஆனால் பொருளைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே திரும்பிவிடுவதும் அதோடு சேர்ந்தே பழகிவிட்டது. மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்று சட்டம் எழுதியது, அவர்கள் உள்ளே வந்து உட்கார வேண்டும் என்பதற்காகத்தான். இதில் எனக்கு நம்பிக்கை தருபவர்கள் காலை உணவு சமைக்கும் பெண்கள். மகளிர் குழுவைச் சேர்ந்த அவர்களில் பலருடைய பிள்ளைகள் அதே பள்ளியில் படிக்கிறார்கள். ஆசிரியர் வரும் முன்பே அவர்கள் அங்கே இருக்கிறார்கள். எந்தப் பிள்ளை நேற்று வரவில்லை, எந்தப் பிள்ளை சாப்பிடாமல் கிச்சடியைக் கிளறிக்கொண்டிருக்கிறது என்பது பதிவேட்டைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கூட்டத்தில் அவர்களை உங்கள் அருகில் உட்காரச் சொல்லுங்கள்.

பள்ளியை மாற்றுவது உங்கள் விருப்பம். நான் தடுக்க மாட்டேன். அதற்கு முன், மகன் இதுவரை பார்த்திராத ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்து, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள். 43-இலிருந்து 18-ஐக் கழிக்கச் சொல்லி, விடை எதுவானாலும் எப்படி வந்தது என்று விசாரியுங்கள். எதிர்வீட்டுப் பையனுக்கும் கொடுத்துப் பாருங்கள் என்று எழுத வந்தேன். அண்டை வீட்டுப் பகை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஜூனுக்குள் இதே சோதனையை இன்னும் இரண்டு தடவை செய்து பாருங்கள். அவன் நகர்ந்திருந்தால் இருக்கட்டும். நகரவே இல்லை என்றால், முதலில் டீச்சரிடம் பேசுங்கள், வேனைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

அந்தக் கையெழுத்தைப் பற்றி: அடுத்த கூட்டத்தில் தீர்மானப் பதிவேட்டை வாங்கி, எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள். பக்கம் வெறுமையாக இருந்தால், எழுதி முடிக்கட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருங்கள். அதுவரை மொட்டுக் குழுவின் பாயில் இடமிருக்கும்.

அன்புடன்.