வீடு வாங்க அட்வான்ஸ் கொடுத்தாச்சு, லோனும் சாங்ஷன் ஆகிவிட்டது. பத்திரப் பதிவுக்கு இன்னும் 45 நாள் இருக்கிறது. அதுவரை பண விஷயத்தில் என்ன தவறு செய்யக்கூடாது?

புதிதாக எதையும் இஎம்ஐயில் வாங்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

2023-ல் தாம்பரம் பக்கம் ஒரு பழைய ஃபிளாட்டை 60 லட்சத்துக்குப் பேசி, ஆனி மாதம் அக்ரிமென்ட் போட்டோம். ஆடியில் பதிவு வேண்டாம் என்று இரண்டு பக்கப் பெரியவர்களும் சொன்னதால் ஆவணிக்குத் தள்ளினோம். 48 லட்சத்துக்கு சாங்ஷன் கடிதம் வந்துவிட்டது. கடிதம் வந்தாலே பணம் வந்த மாதிரி என்று நினைத்திருந்தேன்.

ஆடித் தள்ளுபடியில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் சேர்த்து 60,000 ரூபாய். எப்படியும் புது வீட்டுக்கு வாங்கத்தானே போகிறோம் என்று 12 மாத இஎம்ஐயில் எடுத்தோம், மாதம் 5,000. கடையில் பான், ஆதார் வாங்கி, ஓடிபி கேட்டு, பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அது ஒரு கடன் என்றே மனதில் படவில்லை.

பதிவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது விற்பவருக்குக் கொடுக்க வேண்டிய டிடி (வங்கி வரைவோலை) பற்றிக் கேட்க வங்கிக்குப் போனேன். அதிகாரி கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி, "சார், இந்த அஞ்சாயிரம் எப்ப வந்துச்சு? லோன் போடும்போது இல்லையே?" என்றார். பணத்தை விடுவிக்கும் முன் சிபிலை, அதாவது என் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் அறிக்கையை, இன்னொரு தடவை பார்த்திருக்கிறார்கள்.

8.5% வட்டியில் 20 வருடக் கடன் என்றால் லட்சத்துக்கு மாதம் சுமார் 868 ரூபாய் இஎம்ஐ. அப்படியானால் 5,000 ரூபாய் இஎம்ஐ என்பது ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனுக்குச் சமம். சம்பளத்துக்கு எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவையும் நாங்கள் கேட்டிருந்ததால், ஒரு ஃபிரிட்ஜ் அந்த அளவுக்குக் கடனைக் குறைக்க இருந்தது. பத்திரச் செலவுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து அந்த ஃபிரிட்ஜ் கடனை அடைத்தோம். இப்போது பத்திரச் செலவுக்குப் பணம் போதவில்லை. நகையை வைக்கலாமா என்று கேட்டால், நகைக்கடனும் சிபிலில் ஏறும் என்றார் அதிகாரி. கடைசியில் அக்கா தன் எஃப்டியை உடைத்துக் கொடுத்தார். கடன் முடிந்த கடிதம் வர ஒன்பது நாள் ஆனதால் குறித்த முகூர்த்தம் தவறியது. விற்றவர் பொறுமையானவர், காத்திருந்தார். எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள். கெடு தாண்டினால் அட்வான்ஸ் போய்விடும் என்று அக்ரிமென்ட்டில் எழுதியிருக்கலாம், உங்களுடையதை எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது பத்திரச் செலவுப் பணம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. எங்கள் 60 லட்சத்துக்கு அதுவே 5,40,000 ரூபாய். வங்கி கொடுத்த 80% வீட்டு விலைக்குத்தான், இந்தச் செலவு அதில் வராது. ஆகவே கையிலிருந்து போட வேண்டிய 12 லட்சத்தோடு இதையும் சேர்த்து இப்போதே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். ஒரு மாதம்தானே என்று பங்குச் சந்தையில் போட வேண்டவே வேண்டாம்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்திலிருந்து 1% டிடிஎஸ் (முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குகிற நீங்கள்தான். அட்வான்ஸுக்கும் பிடிக்க வேண்டும், பலர் மறந்துவிடுகிறார்கள். விற்பவர் கொஞ்சம் ரொக்கமாகக் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம் வரக்கூடும் என்று அவரிடமே எடுத்துச் சொல்லுங்கள், அவர் நல்லதுக்கும் சேர்த்துத்தான்.

வேலை மாறுவதாக இருந்தால் பதிவு முடியட்டும். யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவுக்கு முந்தின நாள் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது வீட்டின் மேல் வேறு பதிவு ஏதும் ஏறியிருக்கிறதா என்பதை, இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். அலமாரி செய்கிற ஆசாரி இப்போதே அட்வான்ஸ் கேட்பார். பத்திரம் முடித்துவிட்டு வருகிறோம் அண்ணே என்று சொல்லிவையுங்கள்.