நாய் சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுகிறது, அடித்துத் திருத்தலாமா? எத்தனை நாளில் சரியாகும்?

அடிக்காதீர்கள். மிரட்டவும் வேண்டாம், தட்டைப் பிடுங்கி "இங்கே நான்தான் பெரியவன்" என்று காட்டவும் வேண்டாம். உங்கள் கேள்வியை வைத்து நான் ஊகிப்பது இதுதான்: வளர்ந்த நாயாக எடுத்து வந்திருக்கிறீர்கள், மற்ற நேரமெல்லாம் குழைந்து குழைந்து வருகிறது, தட்டில் வாய் வைத்ததும் ஆளே மாறிவிடுகிறது. வீட்டில் யாரோ "ரெண்டு போட்டா அடங்கிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு மனசு வரவில்லை, அதனால்தான் கேட்கிறீர்கள். மனசு வராமல் போனதே நல்லது.

நான் பயிற்சியாளரும் இல்லை, கால்நடை மருத்துவரும் இல்லை. ஆனால் இதே பிரச்சினையோடு வந்த நாயை ஒரு அடிகூட அடிக்காமல் சரிசெய்த வீடு எங்களுடையது. அதில் எனக்குப் பெருமை உண்டு, அதை ஏன் மறைக்க வேண்டும்?

எங்கள் நாய் செவலை, பெண். எங்களிடம் வரும்போது மூன்று வயதுக்கு மேல் இருக்கும் என்றார் மருத்துவர். அதற்கு முன் எங்கே இருந்தாள், என்ன பட்டாள், யாருக்கும் தெரியாது. நாம் உட்கார்ந்தால் மடியில் தலை வைத்துப் படுப்பாள், குளிப்பாட்டினால் பேசாமல் நிற்பாள். தட்டு வைத்தால் மட்டும் வேறு. நான் அந்தப் பக்கம் நடந்தால் முதலில் மெல்லுவது நின்றுவிடும். மூக்கு தட்டுக்குள்ளேயே இருக்க, கழுத்திலிருந்து வால் வரை உடம்பு விறைத்துக்கொள்ளும். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் என் பக்கம் உருட்டுவாள், ஓரத்தில் வெள்ளை விழி தெரியும். இன்னும் ஒரு அடி வைத்தால் மெல்லாமலே அள்ளி விழுங்க ஆரம்பிப்பாள். அதையும் மீறிப் போனால்தான் உறுமல், தொண்டைக்குள்ளிருந்து, சன்னமாக. அதாவது உறுமுவதற்கு முன்னாலேயே தன்னால் முடிந்த எல்லா வழியிலும் "வராதே" என்று சொல்லிவிட்டாள். உங்கள் நாயும் சொல்லும், அடுத்த தடவை தூரத்தில் நின்று கவனித்துப் பாருங்கள்.

தெரிந்தவர் ஒருவர் சிபாரிசு செய்த பயிற்சியாளரை வரவழைத்தோம். வந்தார். சாப்பாடு வைக்கச் சொன்னார், அவள் வாய் வைத்ததும் தட்டைக் காலால் இழுத்தார், அவள் உறுமினாள். உடனே கழுத்தைப் பிடித்து மல்லாக்கத் தள்ளி அமுக்கிக்கொண்டார். "இப்படி ஆல்ஃபா யாருன்னு காட்டணும் மேடம், அப்பதான் மதிக்கும்." செவலை கால்களை ஒடுக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தாள், படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. "பாத்தீங்களா, அடங்கிடுச்சு" என்றார். எனக்குக் கை நடுங்கியது. "விடுங்க அவளை, இப்பவே விடுங்க" என்று கத்தினேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். என் கணவர் பேசிய தொகையைக் கொடுத்து வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். இதற்குப் பிறகு இரண்டு மூன்று பேர் "அவருக்கு அனுபவம் ஜாஸ்தி, நீங்க இடையிலே நிறுத்தினதுதான் தப்பு" என்றார்கள். பயந்து உறைந்துபோன நாயைப் பார்த்து மரியாதை என்று சொல்கிறவருடைய அனுபவம் எத்தனை வருஷமாக இருந்தால் எனக்கென்ன.

அந்த ஆல்ஃபா கதை, அதாவது கூட்டத்தில் சண்டை போட்டு ஜெயிப்பவனே தலைவன் என்ற கதை, எங்கிருந்து வந்தது என்று அப்புறம் உட்கார்ந்து தேடிப் படித்தேன். 1947இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் அது வேர் பிடித்தது. 1970இல் டேவிட் மீச் என்ற அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் எழுதிய நூல் அந்தக் கருத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதே மீச், காட்டில் ஓநாய்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த பிறகு, கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான், சண்டை போட்டுத் தலைமையைப் பிடிப்பது அங்கே வழக்கமில்லை என்று 1999இல் கட்டுரை எழுதினார். தன்னுடைய பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்திடமே கேட்டார். சொன்னவரே திருத்திக்கொண்டார், ஆனால் நாயை மல்லாக்கத் தள்ளுவது நிற்கவில்லை. இத்தனைக்கும் நாய் ஓநாயே இல்லை, மனிதரோடு பல ஆயிரம் வருஷம் வாழ்ந்த பிராணி.

அடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 2009இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், நடத்தைப் பிரச்சினைக்காக நாயைக் கூட்டி வந்தவர்களிடம் என்னென்ன முறை செய்து பார்த்தீர்கள், நாய் என்ன செய்தது என்று கேட்டுத் தொகுத்தார்கள். அடியோ உதையோ வாங்கிய நாய்களில் 43 சதவீதம் பதிலுக்குச் சீறின. வாயில் இருப்பதை வலுக்கட்டாயமாகப் பிடுங்கியபோது 39 சதவீதம், மல்லாக்கத் தள்ளியபோது 31 சதவீதம். அமெரிக்காவின் விலங்கு நடத்தைக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில், சீறும் நாய்கள் உட்பட எல்லா நாய்களுக்கும் வெகுமதி கொடுத்துப் பழக்கும் முறையையே பயன்படுத்த வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சும்மா பாசத்தில் பேசுகிறேன் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உறுமலை அடித்து நிறுத்திவிட முடியும், அது உண்மை. சாப்பாடு போய்விடுமோ என்ற பயம் மட்டும் உள்ளே அப்படியே இருக்கும். எச்சரிக்கை செய்தால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்த முறை எச்சரிக்காது, நேராகக் கடிக்கும். "நல்லாதான் இருந்துச்சு, திடீர்னு கடிச்சிடுச்சு" என்று சொல்கிற வீடுகளில் கொஞ்சம் துருவிக் கேளுங்கள், உறுமியதற்கு அடி வாங்கிய கதை பல இடங்களில் இருக்கும்.

சரி, என்ன செய்வது? பயிற்சிக்கு முன்னால் மருத்துவரிடம் காட்டுங்கள். இதை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். செவலையின் வாயைத் திறந்து பார்த்தபோது மேல் தாடையில் பெரிய கடைவாய்ப் பல் பிளந்திருந்தது. கெட்டியான எதையோ கடித்ததில் உடைந்திருக்கும், அந்தப் பல் நாய்களுக்கு அப்படி உடைவது சகஜம் என்றார். மயக்கம் கொடுத்துப் பிடுங்கினார்கள். பல்வலியோடும் நாய் சாப்பிடத்தான் செய்யும், அதனால் "நல்லாத்தானே சாப்பிடுது" என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வலி இருக்கும் நாய் சிடுசிடுக்கும், நாம் அதைத் திமிர் என்போம். கடிக்கக் கொடுக்கும் பொருளைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், துளியும் பதியவில்லை என்றால் அது நாயின் பல்லுக்கு ஆகாது.

பல் சரியானதும் உறுமல் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. பிறகு செய்தது இதுதான். அவள் சாப்பிடும்போது எவ்வளவு தூரத்தில் நின்றால் உடம்பு விறைக்காமல் இருக்கிறது என்று பார்த்தோம். எங்கள் வீட்டில் அது கூடத்தின் அந்தக் கோடி. அங்கே நின்று, எலும்பில்லாத வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை (உப்பு, காரம், வெங்காயம் எதுவும் கிடையாது) தட்டுக்குப் பக்கத்தில் விழுகிற மாதிரி வீசிவிட்டுத் திரும்பி நடந்துவிடுவேன். நிற்க மாட்டேன், பேச மாட்டேன், தடவ மாட்டேன். துண்டு தட்டில் இருப்பதைவிட ருசியாக இருக்க வேண்டும், அதே சாப்பாட்டையே வீசினால் பிரயோஜனம் இல்லை. விறைப்பு துளியும் இல்லாத நிலை நன்றாக ஊன்றிய பிறகு ஒரு அடி கிட்டே. ஒரு நாள் விறைத்தாள் என்றால் மறுநாள் பழைய தூரத்துக்கே திரும்பிவிடுவோம். கொஞ்ச காலத்தில் என் காலடிச் சத்தம் கேட்டதும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, என் கையைப் பார்த்து வாலை ஆட்டினாள். முன்பு இதே சத்தத்துக்குத்தான் விழுங்குவாள். நான் வந்தால் சாப்பாடு போகும் என்று இருந்தது, நான் வந்தால் இன்னும் நல்லது வரும் என்று ஆகிவிட்டது. முழு வேலையும் அவ்வளவுதான்.

தட்டைத் தாண்டி மற்ற பொருளுக்குப் பரிமாற்றம். காலுறையைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனால் துரத்தாதீர்கள், துரத்தினால் அந்தக் காலுறை அதற்குப் பொக்கிஷம் ஆகிவிடும். "விடு" என்று ஒரு தடவை சொல்லி, மூக்குக்கு நேராக நல்ல துண்டைக் காட்டுங்கள். வாயிலிருப்பதைப் போட்டதும் துண்டைக் கொடுங்கள், முடிந்தால் பொருளையும் திருப்பிக் கொடுங்கள் (ஆபத்தில்லாத விளையாட்டுச் சாமானில் பழக்கினால் திருப்பிக் கொடுக்க முடியும்). கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்த நாய் எதற்குக் காவல் காக்கப் போகிறது?

குட்டியிலிருந்தே தட்டில் கைவிட்டுத் துழாவிப் பழக்கு என்று ஒரு அறிவுரை சுற்றுகிறது. தினமும் நீங்கள் சாப்பிட உட்காரும்போது ஒருவர் தட்டில் கைவிட்டுத் துழாவினால் உங்களுக்கு அவர் மேல் பாசம் வருமா? சும்மா இருக்கிற குட்டிக்கும் உறுமக் கற்றுக்கொடுக்கிற வேலை அது.

இப்போது "இது லஞ்சம்" என்பார்கள். "உறுமுகிற நாய்க்குக் கோழி போட்டால் இன்னும் உறுமும்" என்பார்கள். துண்டு விழுவது உறுமலுக்கு முன்னால், நாய் நிம்மதியாக இருக்கிற தூரத்தில், அதைக் கவனியுங்கள். அதோடு பயம் என்பது கூலிக்குச் செய்கிற காரியம் இல்லை, பயந்தவருக்கு நல்லது செய்தால் பயம் அதிகமாகாது. அப்புறம், அன்பாகப் பழக்குவது என்றால் கண்டபடி விட்டுவிடுவது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். செவலை வாசலில் கதவு திறந்தால் உட்கார்ந்து காத்திருப்பாள், வார் கட்டினால் இழுக்க மாட்டாள், விருந்தாளி மேல் தாவ மாட்டாள். எல்லாம் அடியில்லாமல் வந்ததுதான்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இவளுக்காக நாங்கள் இவ்வளவு மெனக்கெட்டதைப் பார்த்து நெருங்கிய உறவில் ஒரு பெரியம்மா, எல்லோரும் இருக்கும் கூடத்தில், "பிள்ளை இல்லாத வீட்ல நாய்தான் பிள்ளை" என்றார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை, அது எங்கள் விஷயம். அந்தக் குறையை நிரப்ப இவளைக் கொண்டு வரவில்லை. ஒரு பிராணியைப் பொறுப்பெடுத்தால் ஒழுங்காகப் பார்ப்போம், அவ்வளவுதான் காரணம். நாய் வைத்திருக்கிற ஒவ்வொரு பெண்ணிடமும் இதைக் கேட்டுவிட வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போனேன், இன்னும் அவர்கள் வீட்டுக்கு நான் போகவில்லை.

உங்கள் வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மேலே சொன்ன பயிற்சியைப் பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள், சாப்பாட்டு நேரத்தில் நாய் ஒரு அறையில், கதவு சாத்தியிருக்க வேண்டும், நாய் வெளியே வந்த பிறகுதான் தட்டை எடுக்க வேண்டும். சாப்பிடும் நாய்க்குப் பக்கத்தில் தவழும் குழந்தையை விட்டு வீடியோ எடுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள், அந்த வீடியோக்கள் பலவற்றில் நாய் உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக் கெஞ்சிக்கொண்டிருக்கும், எடுப்பவர் சிரித்துக்கொண்டிருப்பார். ஒருவேளை பல் பட்டுவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். நம் வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கிறதே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ஏற்கெனவே கடித்து ரத்தம் வந்திருக்கிறது என்றால் இதைப் படித்து நீங்களாகத் தொடங்க வேண்டாம், நடத்தைப் பிரச்சினை பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எத்தனை நாளாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். சில நாய்களுக்கு வாரக்கணக்கு, சிலவற்றுக்கு மாதக்கணக்கு, எவ்வளவு காலம் பட்டினியையும் பிடுங்கலையும் பார்த்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் சீக்கிரம். ஒருவர் கோழி வீச, இன்னொருவர் தட்டைப் பிடுங்கினால் நடக்கவே நடக்காது, அதனால் முதலில் அந்த "ரெண்டு போடு" ஆளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். வீட்டில் கூட்டம் கூடும் நாளில் பயிற்சி எதுவும் வேண்டாம், தனி அறையில் சாப்பாடு வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். செவலைக்கு இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறோம்.