ழகரம் வாசிப்பில் மட்டும் வருகிறதா?

நண்பரே, திருவையாற்றில் உச்சரிப்பைப் பதிய ஆட்களிடம் சொற்பட்டியலை வாசிக்கச் சொன்னால் ழகரம் வருகிறது, பேச்சில் ளகரமாகிவிடுகிறது என்கிறீர்கள். கோளாறு பட்டியலில்தான். எழுத்தைக் கண்டதும் பள்ளிக்கூட உச்சரிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். வாழைத்தார் படமும் வாளைமீன் படமும் காட்டுங்கள். டெல்டாவில் இரண்டும் தெரியாதவர் யார்? ஒரே வாக்கியத்துக்குள் வைத்து, வரிசையைக் கலைத்து, ஐந்து தடவை சொல்லவையுங்கள்.

வாட்ஸ்அப் குரல்பதிவு ஆகாது, சுருக்கத்தில் ஒலி கெடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு 44,100 ஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதியுங்கள்.

ஒலியை அலசும் பிராட் மென்பொருளில் ஃபார்மன்ட் (வாய், தொண்டையின் ஒத்ததிர்வால் வலுக்கும் அதிர்வெண்) தேடும் உச்சவரம்பு பெண்குரலுக்கு 5500 ஹெர்ட்ஸ், ஆண்குரலுக்கு 5000. ஆணுக்கும் 5500 வைத்தால் வம்பு: ழகரத்தில் மூன்றாம் ஃபார்மன்ட் இறங்கி இரண்டாவதை ஒட்டிக்கொள்ளும், மென்பொருள் இரண்டையும் ஒன்றாக எண்ணி, நான்காவதை மூன்றாவது என்று காட்டிவிடும். ஸ்பெக்ட்ரோகிராமை, அதாவது ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் படத்தை, கண்ணால் பார்க்காமல் எண்ணை எடுக்காதீர்கள்.