அறுவை மருத்துவரின் உள்ளுணர்வை நம்பலாமா?

கேள்வி: என் தாயாருக்குப் பித்தப்பைக் கற்களுக்காக லேப்ராஸ்கோப்பி முறையில் தொடங்கிய அறுவை சிகிச்சையை, பாதியில் வயிற்றைத் திறந்து முடித்தார்கள். காரணம் கேட்டபோது, "உள்ளே பார்த்ததும் எனக்குச் சரியாகப் படவில்லை" என்றார் மருத்துவர். இவ்வளவு பெரிய முடிவை உள்ளுணர்வை வைத்து எடுக்கலாமா?

பதில்: அவர் இன்னும் விளக்கமாகச் சொல்லியிருக்கலாம், ஆனால் அவர் செய்தது தவறென்று எனக்குத் தோன்றவில்லை. பல நூறு வயிறுகளின் உட்புறத்தைப் பார்த்துப் பழகிய கண், திசுவின் நிறத்திலோ இறுக்கத்திலோ ரத்தக் கசிவிலோ வழக்கத்துக்கு மாறான ஒன்றை, மனம் அதற்குப் பெயர் சூட்டும் முன்பே கண்டுகொள்வதைத்தான் உள்ளுணர்வு என்கிறோம். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி க்ளைனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரை, இதை நம்புவதற்கு இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது: சூழலில் ஒழுங்கான அறிகுறிகள் இருக்க வேண்டும், தன் முடிவுகளின் விளைவைப் பார்த்துக் கற்கும் வாய்ப்பும் ஒருவருக்கு நெடுங்காலம் கிடைத்திருக்க வேண்டும்.

பித்தப்பை அறுவையில் இதே உள்ளுணர்வு ஏமாற்றுவதும் உண்டு. அழற்சியால் திசுக்கள் ஒட்டிக்கிடக்கும்போது, பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளத்தையே பித்தப்பையின் நாளம் என்று நம்பி வெட்டிவிடும் விபத்து, பெரும்பாலும் கைத்திறன் குறைவால் நேர்வதில்லை. 2003இல் இத்தகைய 252 காயங்களை ஆராய்ந்தவர்கள், அவற்றில் 97 விழுக்காட்டுக்கு முதன்மைக் காரணம் ஒன்றை வேறொன்றாகக் காட்டும் கண்மயக்கமே என்று கண்டார்கள். இதைத் தவிர்க்கத்தான், கொழுப்பையும் நார்த்திசுவையும் நீக்கி, பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பித்தப்பைக்குள் செல்பவை ஒரு நாளமும் ஒரு தமனியும் மட்டுமே என்று கண்ணால் உறுதிசெய்த பின்னரே வெட்ட வேண்டும் என்ற நெறி 1995 முதல் வலியுறுத்தப்படுகிறது.

ஆகவே 'நிறுத்து' என்னும் உள்ளுணர்வையும் 'வெட்டு' என்னும் உள்ளுணர்வையும் நான் ஒரே தராசில் வைப்பதில்லை. பின்னதற்கு மட்டும் கண்ணெதிரே சான்று கேட்பேன். உங்கள் தாயாரின் மருத்துவர் முன்னதற்குச் செவிசாய்த்திருக்கிறார். அதற்கு விலையாகத் தழும்பு பெரிதாகும், வலியும் குணமாகும் நாட்களும் கூடும் என்பது உண்மைதான். பித்தநாளம் வெட்டுப்பட்டிருந்தால், அதைச் சீரமைக்க இதைவிடப் பெரிய அறுவையே தேவைப்பட்டிருக்கக்கூடும்.

அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். முறையை மாற்றியதற்கான காரணம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த பரிசோதனையின்போது தயங்காமல் கேளுங்கள். இடையில் காய்ச்சலோ, மஞ்சள் காமாலையோ, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலியோ தோன்றினால் அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.